கணினி கேள்வி-பதில்: ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவ்

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்தும் நம் பகுதியாளர், வீட்டுக் கணினிகளைத் தொல்லை செய்யும் வைரஸ், விளம்பரப் பூச்சி, உளவு மென்பொருள் பற்றிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

பேத்தியின் ப்ராஜெக்டைப் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஃபோல்டர்களில் எல்லாம் சின்ன அம்புக்குறி. ஒவ்வொன்றும் 1 கேபி என்று காட்டுகிறது. குடும்பப் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன. தெரிந்த கடைக்காரர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, பட்டுக்கோட்டை

டீச்சர், கையை எடுங்கள். ஃபார்மட் இப்போது வேண்டாம். படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும். பென்டிரைவை வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்று அங்கே தெரியும். முன்பு இருந்த அளவே காட்டினால் நிம்மதியாக ஒரு காபி குடித்துவிட்டு வந்து மேலே படியுங்கள்.

இதை நாங்கள் ஷார்ட்கட் வைரஸ் என்போம். உங்கள் ஃபோல்டர்களுக்கு 'மறைக்கப்பட்டது', 'சிஸ்டம் ஃபைல்' என்று இரண்டு முத்திரை குத்திக் கண்ணில் படாமல் செய்துவிடும். அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை முன்னால் நிறுத்திவிடும். நீங்கள் பார்க்கும் 1 கேபி அந்த ஷார்ட்கட்டின் அளவு. விஷமம் என்னவென்றால், அதை டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும். படம் தெரிந்ததும் யாருக்கும் சந்தேகம் வராது. அதே கிளிக்கில் வைரஸும் ஓடி உங்கள் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்தக் கம்ப்யூட்டரில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் அதற்கும் இதே கதிதான். ஜெராக்ஸ் கடைக்காரரைத் திட்டாதீர்கள், அவர் மிஷினிலும் யாரோ ஒருவர் இப்படித்தான் கொண்டுவந்து விட்டிருப்பார்.

அம்புக்குறி ஐகானைத் திறந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திறந்திருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், எல்லோரும் திறப்பார்கள். அதனால் முதலில் கம்ப்யூட்டரைக் கவனியுங்கள். ஸ்டார்ட் பட்டனில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, வைரஸ் பகுதியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குள் போனால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று இருக்கும். அதைக் கொடுங்கள். மிஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே தேட ஆரம்பிக்கும். வைரஸ் ஓடாத நேரத்தில் தேடுவதால் அதனால் ஒளிந்துகொள்ள முடியாது. கால் மணி நேரம் போல ஆகும், பயந்து பவரை அணைத்துவிடாதீர்கள். அது முடிந்ததும் பென்டிரைவைச் செருகி, திறக்காமலே வலது கிளிக் செய்து, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஸ்கேன் கொடுங்கள்.

அப்புறம் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ஆப்ஷன்ஸில் 'வியூ' பகுதிக்குப் போங்கள். மறைந்த ஃபைல்களைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குக் கீழே, சிஸ்டம் ஃபைல்களை மறை என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுங்கள். விண்டோஸ் ஒரு எச்சரிக்கை போடும், 'எஸ்' கொடுக்கலாம். இந்த இரண்டாவது டிக்கை எடுக்க மறந்துவிட்டுத்தான் பலர் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று கடைக்கு ஓடி வருகிறார்கள். இப்போது உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில சமயம் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் திணித்து வைத்திருக்கும், அதையும் திறந்து பாருங்கள். உள்ளே போய்ப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். அம்புக்குறி போட்ட எதையும் தொட வேண்டாம். நான்கைந்து படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, இப்போது பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். கடைக்காரர் சொன்ன வைத்தியம் சரிதான், வரிசைதான் தப்பு. கடைசியில், முன்பு எடுத்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

இனி கடைக்கென்று பழைய சின்னப் பென்டிரைவ் ஒன்றை ஒதுக்குங்கள். பிரிண்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் தவிர அதில் வேறெதுவும் இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஸ்கேன், ஃபார்மட். குடும்பப் படங்களை இரண்டு இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று, காப்பி செய்யும்போது மட்டும் இணைத்து மற்ற நேரம் கழற்றி வைக்கும் ஹார்ட் டிஸ்க்காக இருக்கட்டும்.

கையோடு கைமாறும் பொருளில் ஒட்டிக்கொண்டு போவது வைரஸ்களுக்குப் புதிய பழக்கம் இல்லை. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்' ஃபிளாப்பியில்தான் பரவியது. ஐபிஎம் வகைப் பெர்சனல் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் அதுதான். அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார்கள். இன்றைக்கு எழுதுகிறவர்களிடம் அந்த நாகரிகத்தை எதிர்பார்க்க முடியாது.

அப்பாவின் லேப்டாப்பில் நாள் முழுக்க வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்', 'சந்தா முடிந்துவிட்டது' என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. முழு ஸ்கேன் செய்தும் ஒன்றும் அகப்படவில்லை.
— வாசகர், ஓசூர்

அகப்படாது. உள்ளே வைரஸ் இருந்தால்தானே அகப்படும்? அப்பா ராசிபலனோ சீரியலோ பார்க்கப் போன ஏதோ ஒரு தளம் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும். அவரும் அழுத்தியிருப்பார். அந்த அலோ, அறிவிப்பு அனுப்பத் தரும் அனுமதி. அன்றிலிருந்து அந்தத் தளம், பெரிய ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் லோகோவைப் போட்டுக்கொண்டு மிரட்டுகிறது. அதைக் கிளிக் செய்து வாங்க வைப்பதுதான் பிழைப்பு.

குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள். மேலே, எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப வேண்டாம் என்ற வசதியையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அப்பா மறுபடி அலோ அழுத்த வாய்ப்பே இருக்காது. அப்படியே, பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி ஆப்களின் பட்டியலான எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். கூப்பன், பிடிஎஃப் மாற்றி, வானிலை என்று யாரும் போட்டதாக ஞாபகம் இல்லாத ஏதாவது இருந்தால், தேடல் பக்கம் மாறிப்போவதற்கும் கண்ட இடத்தில் விளம்பரம் முளைப்பதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?
— பல வாசகர்கள்

வீட்டு உபயோகத்துக்கு நான் எதையும் வாங்கச் சொல்வதில்லை. இதனால் எனக்கு வியாபார நஷ்டம்தான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது, அதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. புது லேப்டாப்போடு ஒட்டி வரும் சோதனைப் பதிப்பின் கெடு முடிந்து நச்சரித்தால், அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஃபெண்டர் தானாக வேலைக்கு வந்துவிடும். ஆனால் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஆடிய ஆட்டத்துக்கு மருந்தான அப்டேட், அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. அந்த மிஷினில் பாங்க் வேலை மட்டும் பார்க்காதீர்கள்.

சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய ஒரு சாஃப்ட்வேரின், பணம் கட்டாமல் ஓடும் கிராக் வெர்ஷன் தேடினேன். வீடியோவில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார்கள். ஜிப் ஃபைலுக்கு 1234 என்று பாஸ்வேர்டும் தருகிறார்கள். கிராக் என்றால் ஆன்டிவைரஸ் எப்போதும் அப்படித்தான் கத்துமாமே?
— வாசகர், மன்னார்குடி

ஊருக்கே தெரிந்த 1234-ஐ எதற்கு பாஸ்வேர்டாகப் போடுகிறார்கள் என்று யோசித்தீர்களா? பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பைத் திறக்காமல் ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது. டவுன்லோட் ஆகும்போது பிடிபடக் கூடாது, அவ்வளவுதான். திறந்த பிறகு டிஃபெண்டர் பிடித்துவிடுமே என்பதற்குத்தான் அதை ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். பூட்டை நீங்களே திறந்து கொடுத்த பிறகு திருடனுக்கு வேறென்ன வேலை?

இந்த வழியாக வருவது இரண்டு வகை. ஒன்று ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பது. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர் குடும்பம் கிராக்குகளின் வழியாகத்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. உங்கள் தொழிலில் முகூர்த்த சீசன் நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று சத்தமே போடாது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறீர்கள் என்பதற்கான குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கீ கையில் இருந்தால் ஓடிபி கேட்காமலே உங்கள் ஜிமெயிலுக்குள் நுழைந்துவிடலாம். இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகப் பயம், ஏனென்றால் வந்து போனதே தெரியாது.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்திருந்தால் நெட்டைத் துண்டித்துவிட்டு, வேறொரு சாதனத்திலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கூகுள் கணக்கில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். இந்த மிஷினை இப்படியே நம்பாமல், அதில் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால் பணம் கட்டும் முன் 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கியது. சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் கிடைக்காது. ஆல்பம் வேலைக்கு, படங்களைத் திருத்தும் ஜிம்ப் சாஃப்ட்வேர் இலவசம். பழக நாளாகும், முனகிக்கொண்டே பழகுங்கள்.

திடீரென்று திரை முழுக்க சிவப்பு, சைரன் சத்தம், மைக்ரோசாஃப்ட் என்று போட்டு ஒரு போன் நம்பர். மவுஸ் வேலை செய்யவில்லை.
— இல்லத்தரசி, சேலம்

அது வெறும் வெப் பக்கம். எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும், மூடிவிடலாம். மூடவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. ஏற்கெனவே பேசி, அவர்கள் சொன்ன, தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் ரிமோட் ஆப்பைப் போட்டு, பணமும் போயிருந்தால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், பாங்கிலும் சொல்லுங்கள்.

நல்ல தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் எங்கே டவுன்லோட் செய்வது? தேடினால் ஒரே பக்கத்தில் நான்கு பச்சை டவுன்லோட் பட்டன் வருகிறது.
— மாணவி, அறந்தாங்கி

நான்கில் மூன்று விளம்பரமாக இருக்கும். எதையும் தொட வேண்டாம். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸில் ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழில் வரும் போனெட்டிக் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

லேப்டாப் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது பைத்தியக்காரத்தனமா?
— வாசகர், காரைக்குடி

மார்க் சக்கர்பெர்க் 2016-ல் வெளியிட்ட படத்தில் அவர் லேப்டாப் கேமரா மேலேயே டேப் ஒட்டியிருந்தது. தாராளமாக ஒட்டுங்கள். தடிமனான பிளாஸ்டிக் மூடி மட்டும் வேண்டாம், லேப்டாப்பை மூடும்போது அழுத்தித் திரை உடையலாம். மைக்கை ஸ்டிக்கர் மறைக்காது, அதற்குச் செட்டிங்ஸில் எந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள்.