ஆன்லைனில் வாங்கி முடித்த பிறகு கடை கூடுதல் பணம் கேட்டால் கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டியதில்லை. வள்ளியூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: கட்டிலுக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, பில்லும் வந்துவிட்டது, இப்போது "உங்கள் ஊர் எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது" என்று ₹1,800 கேட்கிறார்கள், தராவிட்டால் சரக்கு வராது என்கிறார்கள். ஏறக்குறைய இதே சங்கதி போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்தது. பணம் கைமாறிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நான் பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறேன். அம்மா வீரவநல்லூரில் தனியாக இருக்கிறார். பழைய பிரிட்ஜ் பழுதாகிவிட்டதால், ஒரு கடையின் இணையதளத்தில் ₹24,990 கட்டிப் புதிது வாங்கி, அம்மாவின் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். பில்லில் டெலிவரி என்ற வரிக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தது. வண்டி வந்த நேரம் நான் அலுவலகத்தில் இருந்தேன். "ஆச்சி, வெளியூர் வாடகை ஆயிரத்து இருநூறு, இறக்குக் கூலி நானூற்று ஐம்பது. கொடுத்தால்தான் இறக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்று டிரைவர் சொல்லியிருக்கிறார். கரண்ட் பில்லுக்காக ரேஷன் அட்டை உறைக்குள் மடித்து வைத்திருந்த பணத்தை எடுத்து, குறைந்ததற்குப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கைமாற்று வாங்கி, அம்மா ₹1,650 கொடுத்துவிட்டார். ரசீது கேட்டதற்குத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் "1650 வாங்கியது" என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல். கடையின் பெயர் இல்லை, முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. சாயங்காலம் அந்தத் தாளை அம்மா போனில் எனக்கு வாசித்துக் காட்டினார். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல அவர் குரல் தணிந்திருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வெளியூர்" என்ற பேச்சையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் போடும்போது பின்கோடு கேட்கிறார்கள். 627 என்று தொடங்கும் அந்த ஆறு இலக்கத்தை நாம் தட்டிய பிறகுதான் "இந்த முகவரிக்கு டெலிவரி உண்டு" என்று காட்டி, மொத்தத் தொகையைச் சொல்லி, பணத்தை வாங்குகிறார்கள். வீரவநல்லூரும் வள்ளியூரும் எங்கே இருக்கின்றன என்பது அந்த நிமிடமே அவர்களுக்குத் தெரியும். தூரத்துக்கான செலவைச் சேர்க்க மறந்திருந்தால் அது அவர்கள் பாடு. இந்த ஒரு வாதத்துக்குக் கடைசிவரை அந்தக் கடையிடமிருந்து பதில் வரவில்லை.

சட்டமும் நம் பக்கம்தான். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்டவேண்டும். டெலிவரி, கையாளும் செலவு, வரி என அதில் அடங்கியவற்றைப் பிரித்தும் காட்டவேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகள் என்று 13 வகைகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ஒன்று டிரிப் பிரைசிங், அதாவது விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவது. பணம் கட்டும்போது காட்டிய தொகையைவிட, வாங்கியது உறுதியான பிறகு அதிகம் கேட்பதும் அதில் அடங்கும். உங்களிடம் இப்போது நடப்பது அதுவே.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து பொழுதைக் கழிக்காதீர்கள். நான் மூன்று நாள் கழித்தேன். கடை லாரி நிறுவனத்தைக் கைகாட்டியது, லாரி நிறுவனம் கடையைக் கைகாட்டியது. அந்த டிரைவரையும் கூப்பிட்டுப் பேசினேன். நடைக்கு இவ்வளவு என்றுதான் தனக்குக் கூலி, ஊர் தாண்டினால் டீசலுக்குத் தனியாகத் தருவதில்லை, வீட்டில் வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்புகிறார்கள் என்றார். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. நீங்களும் வாசலில் நிற்கும் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போகவேண்டாம். கேட்கவேண்டிய இடம் கடை.

எதுவும் எழுத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் தன் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நான் அந்த அலுவலருக்கு நாலே வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன்: ஆர்டர் எண், பில்லில் டெலிவரிக் கட்டணம் பூஜ்யம், வாசலில் வாங்கியது ₹1,650, அதைத் திருப்பித் தரவேண்டும். பில்லையும் காலண்டர் தாளின் படத்தையும் இணைத்தேன். ₹1,000-க்குக் கூப்பன் தருவதாகப் பதில் வந்தது. அம்மா கொடுத்தது ரூபாய் நோட்டு, கூப்பன் வேண்டாம் என்று எழுதிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போடாது. ஆனால் புகார் நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. பதினாறாம் நாள் ₹1,650 முழுதாக என் கணக்குக்கு வந்தது.

வராமல் இருந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். கடை எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்பது நல்லது. கூடுதல் தொகை எதற்கு என்பதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்; பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். ஆர்டர் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அது மாறிவிடலாம். கட்டில் வீட்டுக்குள் இறங்கும்வரை ஓடிபி சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அவர்கள் கணக்கில் சரக்கு சேர்ந்துவிட்டதாகப் பதிவாகிவிடும். வேறு வழியே இல்லாமல் கொடுக்க நேர்ந்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் யூபிஐ-யில் அனுப்பி, "பில்லில் இல்லாத தொகை, மறுப்புடன் கொடுத்தது" என்று டெலிவரிச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் மட்டும் இருந்தால், யார் பணம் கேட்டாலும் முதலில் உங்களுக்குப் போன் செய்யச் சொல்லி வையுங்கள்.

ஒன்றை மட்டும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிலைப் பூட்டித் தருவதற்குத் தனிக் கட்டணம் என்று ஆர்டர் போடும்போதே காட்டியிருந்தால், அதைக் கொடுப்பது நியாயம். வாடகை என்று ஒரு வரியும் அதில் இல்லையென்றால் அந்த ₹1,800-இல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.