கடுகு ஈயத்தை இழுக்குமா? கேள்வி பதில்

மண் பரிசோதனைக் கூடத்தில் 30 வருடம் இருந்தவன். இன்று கடுகுச் செடி மண்ணிலுள்ள உலோகத்தை உறிஞ்சுமா என்பது மட்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். உரம், பூச்சிமருந்து வேண்டாம்.

செந்தூல்: அண்ணே, பழைய பலகை வீடு. சாயம் உதிர்ந்து மண்ணில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயமாம். கடுகு போட்டால் இழுத்துவிடுமா?

கணக்குப் போடுங்கள். 10 சதுர மீட்டர் பாத்தி, 20 செ.மீ. ஆழம் என்றால் மண் சுமார் 2.6 டன், அதில் ஈயம் 780 கிராம். ஓர் அறுவடையில் காய்ந்த செடி 3 கிலோ, அதில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஈயம் என்று தாராளமாகவே வைத்தாலும் வெளியே போவது 0.15 கிராம். ஆறு வாரத்துக்கு ஓர் அறுவடை எடுத்தால் 600 வருடம். ஈயம் மண்ணோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், வேருக்குள் வந்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஈடிடிஏ என்ற ரசாயனத்தை ஊற்றி, ஈயத்தை மண்ணிலிருந்து பெயர்த்து இலைவரை ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஏறியது சரி, மிச்சம் நிலத்தடி நீருக்கு இறங்கும். கோலாலம்பூர் மழைக்கு அந்த வேலையே வேண்டாம். மண்ணை மூடி, மேலே உயரப் பாத்தி கட்டிப் புது மண் போடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: இவ்வளவு உலோகம் ஏறியும் செடி எப்படிச் சார் சாகாமல் இருக்கு?

நல்ல கேள்வி தம்பி. நம் கடுகு இதில் சுமார்தான். அசல் வித்தைக்காரர்கள் ஐரோப்பாவில் இருக்கும் அதன் பங்காளிகள். அராபிடாப்சிஸ் ஹாலெரியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றச் செடிகள் துத்தநாகத்தை வேரிலேயே அடக்கிவைக்கும். இதற்கு எச்எம்ஏ4 என்ற மரபணு மூன்று பிரதி. வேரிலிருந்து தண்டுக்குழாய்க்கு உலோகத்தை ஏற்றும் பம்பு அது. மேலே வந்ததை இலைச் செல்லுக்குள் இருக்கும் சாறுப்பையில் தள்ளிப் பூட்டிவிடும். கடிக்க வந்த பூச்சிக்கு அதுவே விஷம். இத்தாலியின் டஸ்கனியில் அலிசம் என்ற இன்னொரு பங்காளி நிக்கலைச் சேர்ப்பது 1948லேயே தெரியும்.

கிள்ளான்: கடையில் வாங்கும் சாவி (மலாயில் sawi, கடுகு இனக் கீரை) கீரையில் ஈயம் இருக்குமா?

விளைந்த மண்ணைப் பொறுத்தது அக்கா. இலையில் ஒட்டிய தூசியிலும் இருக்கும், நன்றாகக் கழுவுங்கள்.

சிராஸ்: காய் சோய் என்ற சீனக் கடுகுக் கீரையில்?

மேலே பார்க்கவும்.

ஷா ஆலம்: கைலான் கீரை சாப்பிடலாமா?

மேலே!

காஜாங்: பிடுங்கிய செடியைக் கம்போஸ்ட்டில் போட்டால் ஈயம் மக்கிவிடுமே?

மக்காது சார். ஈயம் தனிமம். இலை மக்கும், ஈயம் உங்கள் உரத்தில் உட்கார்ந்திருக்கும்.

காஜாங்: மண்புழு தின்றால்?

மண்புழுவில் இருக்கும்.

காஜாங்: எஸ்டேட்டில் எங்கள் தாத்தா, எல்லாம் மண்ணாகும் என்பார். எரித்தால்?

கொஞ்சம் புகையில் போகும், மிச்சம் சாம்பலில். தயவுசெய்து எரிக்காதீர்கள்.

பினாங்கு: சபாவில் நிக்கல் செடி இருக்காமே, கடுகு வகையா?

இல்லை, கீழாநெல்லிக்குச் சொந்தம். பில்லாந்தஸ் ரூஃபுஸ்சானேயி, காய்ந்த இலையில் நிக்கல் 2 சதவீதம் வரை. உடனே கீழாநெல்லிக் கஷாயத்தைக் கொட்டவேண்டாம். சொந்தம்தான், குணம் வேறு.

காஜாங்: ஏற்கெனவே எரித்துவிட்டேன். சாம்பலை ரோஜாவுக்குப் போடலாமா?

சார்!