லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளை யாரிடம் ஒப்படைப்பது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கும் என்னிடம், விசையைச் சூழ்ந்த லீவரை (நெம்புகோலை) அசைத்துத் தோட்டா ஏற்றும் பழைய மார்லின் 336 ரைஃபிள் ஒன்று உள்ளது. குழலின் நீளத்தைக் குறைத்து, லீவரின் இயக்கத்தை மென்மையாக்கி, தோளில் தாங்கும் மரக்கட்டையையும் புதிதாகப் பொருத்த விரும்புகிறேன். இதற்கேற்ற கன்ஸ்மித்தை (துப்பாக்கிகளைப் பழுதுபார்த்து மாற்றியமைப்பவரை) எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பதில்: முடித்த வேலைகளின் படங்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மரக்கட்டையின் அழகு படத்தில் தெரியும், இயக்கம் தெரியாது. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் (போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுபவை) பெயர் பெற்ற கன்ஸ்மித்துகள் பலருக்கு லீவர் ஆக்‌ஷனில் அதே அளவு பழக்கம் இருப்பதில்லை. குழலுக்கு அடியிலுள்ள மேகசினிலிருந்து (தோட்டாக்கள் வரிசையாக இருக்கும் குழாயிலிருந்து) வரும் தோட்டாவைக் கேரியர் என்ற தூக்கி உரிய கணத்தில் உயர்த்துவதும், போல்ட் அதைக் குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் தள்ளுவதும் லீவரின் ஒரே அசைவில் நிகழ வேண்டியிருப்பதால், ஓரிடத்தில் ஏற்படும் சிறு தேய்மானமும் முழு வரிசையையும் குலைத்துவிடும்.

ஆகவே அவரிடம் முதலில் ‘மார்லின் ஜாம்’ பற்றிக் கேளுங்கள். லீவரின் கூரிய விளிம்பு கேரியரை நாளடைவில் அரித்துவிட, இரண்டாவது தோட்டா வேளை தவறி உள்ளே நுழைந்து லீவரை இறுக்கிவிடும் கோளாறு அது. அனுபவமுள்ளவர் அந்தத் தேய்மானத்தை எங்கே தேடுவார், எப்படிச் சரிசெய்வார் என்பதைத் தயக்கமின்றி விளக்குவார். ‘ஸ்பிரிங்கை மாற்றி, கொஞ்சம் பாலிஷ் போட்டால் போதும்’ என்பவரிடம் எச்சரிக்கை தேவை. உராயும் பரப்புகளைப் பளபளப்பாக்குவது ஒன்று, ஹாமரும் (தோட்டா வெடிக்க விழும் சுத்தியும்) சியரும் (அதைப் பிடித்துவைக்கும் கொக்கியும்) பற்றிக்கொள்ளும் முனைகளின் கோணத்தை மாற்றிவிடுவது வேறொன்று. பின்னதில் பிழை நேர்ந்தால் விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கக்கூடும்.

குழலை முனைப்பக்கம் வெட்டுவதால் ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டின் முகத்துக்கும், அறையில் தோட்டா தடுத்து நிற்கும் இடத்துக்கும் இடையிலான தூரம்) மாறாது. ஆனால் குழல்முனையைப் புதிதாகக் கடைந்து சீராக்க வேண்டும், மேகசின் குழாயையும் முன்குறியையும் இடம் மாற்ற வேண்டும். குழலையே மாற்றுவதாயின், ஹெட்ஸ்பேஸை ‘கோ’ (போல்ட் மூட வேண்டியது), ‘நோ-கோ’ (மூடக் கூடாதது) அளவிகளால் சோதிப்பாரா என்று கேட்டே ஆக வேண்டும். வெட்டிய குழலை மீண்டும் நீட்ட முடியாது என்பதால், எனக்கென்றால் பழைய குழலைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதைப் பொருத்தச் சொல்வேன்.

ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால், அது 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். நீங்கள் நீளத்தைக் குறைக்கக் கேட்கும்போது, இதைத் தாமாக எடுத்துச் சொல்லாதவரை விட்டுவிடுங்கள். கூட்டரசு உரிமம் உள்ளவரா என்பதையும் உறுதிசெய்யுங்கள். துப்பாக்கியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வேலை செய்பவர் அதன் வரவையும் திருப்பியளித்ததையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

செய்யவிருக்கும் வேலைகள், கூலி, நாள் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். நீண்ட காத்திருப்பு குறையன்று. திரும்பப் பெறும்போது, நீங்கள் பயன்படுத்தும் அதே வகைத் தோட்டாவின் வடிவிலும் நீளத்திலும் அமைந்த போலித் தோட்டாக்களை மேகசின் நிறைய இட்டு, லீவரை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை விரைவாகவும் உங்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.