கிருமி சாதி பார்க்குமா?

கேள்வி: அமெரிக்காவில் நிறவெறியைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறார்களே! நோய்க்கு ஏது நிறம், ஏது சாதி? டாக்டர்களும் அரசியல் பேசக் கிளம்பிவிட்டார்களா? நல்லவேளை, எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாவதான நம் குமரி மாவட்டத்தில் இந்தச் சள்ளை இல்லை.
— வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்

பதில்: அதைச் சொன்னது மேடைப் பேச்சாளர் அல்ல. 2021 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்துக்கு இயக்குநராக இருந்த ரோஷெல் வாலென்ஸ்கி.

கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்ஸிமீட்டர், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடும் கருவி. தோல் கறுப்பாக இருந்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளில் 3.6 சதவீதம், கறுப்பரிடம் எடுத்தவற்றில் 11.7 சதவீதம். மூச்சுத் திணறுகிறவரைப் பார்த்து ‘நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்குப் போங்க’ என்று சொல்ல வைக்கிற பிழை அது. கருவிக்கு யார்மேலும் கோபமில்லை. எந்தத் தோலை மனதில் வைத்து அதைச் செய்தார்கள் என்பதுதான் விஷயம். (நம் தோலின் நிறத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.)

நம்மூருக்கு வருவோம். 1838-இல் நெய்யூரில் கிறிஸ்தவ மிஷன் வைத்தியம் தொடங்கிய காலத்தில், இன்ன சாதியார் இன்ன சாதியாரிடமிருந்து இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று, அன்று நம் குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கணக்கு இருந்தது. தள்ளி நிற்பவரின் நாடியை எந்த வைத்தியர் பிடிப்பார்? தோள்சீலைக்காக, அதாவது மார்பை மறைக்கும் உரிமைக்காக, அடிவாங்கிய பெண்களுக்கு 1859-இல்தான் அரசாணை கிடைத்தது.

அதெல்லாம் பூட்டன் காலம் என்பீர்கள். சரி, உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால் யாரைக் கூப்பிடுகிறீர்கள்? பாதுகாப்பில்லாமல் மனிதரை உள்ளே இறக்குவதற்கு 2013-இலேயே சட்டம் தடை போட்டாயிற்று. பத்து வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக ஏற்ற வேண்டியிருந்தது. விஷவாயு சாதி பார்க்காது, ஒத்துக்கொள்கிறேன். குழிக்குள் யார் இறங்குவது என்று தீர்மானிப்பது விஷவாயு இல்லையே!

பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் காணிக்காரப் பழங்குடிப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் முதலில் படகு, பிறகு ஜீப்போ ஆம்புலன்ஸோ, அப்புறம்தான் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி. காட்டுக்குள் சாலையும் ஆஸ்பத்திரியும் அமைக்க 2006 வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வழியிருந்தும் காத்திருப்பது எப்போதும் அக்கரைக்காரர்கள்தான்.

நீங்கள் பெருமைப்படும் எழுத்தறிவு, 2011 கணக்குப்படி 91.75 சதவீதம், மாவட்டச் சராசரி. அதில் மார்த்தாண்டமும் மலையும் ஒன்றாகக் கலந்துவிடும். குழந்தைகளின் எடை, பிரசவச் சாவு, காசநோய் இவற்றைக் குடியிருப்பு வாரியாக, சாதி வாரியாகப் பிரித்து வெளியிடச் சொல்லி ஒரு மனு எழுதுங்களேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் வாங்குகிறார்கள்.