சென்டர் மீடியனில் கருகும் இட்லிப்பூவும் அதற்கு மாற்றும்

வணக்கம். மதுரைப் புறவழிச்சாலையின் சென்டர் மீடியனில் உங்கள் குடியிருப்போர் சங்கம் நட்ட இட்லிப்பூச் செடிகள் புழுதி படிந்து மஞ்சளித்துக் கருகுவதாகவும், புகையைத் தாங்கும் வேறு பூச்செடி எது என்றும் கேட்டிருந்தீர்கள். இளம் இலைகள் வெளிறி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால், குற்றம் புகையைவிட மண்ணில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. மீடியனில் கொட்டி நிரப்பிய கட்டடக் கழிவிலுள்ள சிமென்ட், மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிடுவதால், இட்லிப்பூவின் வேர்களால் இரும்புச்சத்தை எடுக்க முடிவதில்லை. ஆகவே நடும் குழிகளிலிருந்து அந்தக் கழிவை அகற்றிவிட்டு, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் நிரப்புங்கள்.

செடியைப் பொறுத்தவரை நான் தயங்காமல் சொல்வது அரளி. தோல் போன்ற அதன் தடித்த இலைகளின் சுவாசத் துளைகள் அடிப்புறத்தில், மயிரடர்ந்த குழிகளுக்குள் புதைந்திருப்பதால், புழுதி அவற்றை எளிதில் அடைப்பதில்லை, வறட்சியையும் தாங்கும். ஆனால் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு என்பதால், வெட்டிய கிளைகளை மாடு மேயும் இடத்தில் போடவே கூடாது. பள்ளிகள் உள்ள பகுதியில் காகிதப்பூவே மேல். நல்ல வெயிலில், தண்ணீர் சற்றுக் குறைந்தால்தான் அது நிறையப் பூக்கும்.

எதை நட்டாலும், மழையில்லாத மாதங்களில் லாரித் தண்ணீரை இலைகளின் மேலும் பீய்ச்சச் சொல்லுங்கள். வண்டிகள் திரும்பும் இடங்களில் செடியை உயர விடாதீர்கள். குறுக்கே கடப்பவர் ஓட்டுநரின் கண்ணில் படமாட்டார். புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையிலேயே வேர் பிடித்துவிடும்.