அரபுக் கல்லூரி மாணவர்களைத் தாமாகவே படிக்கப் பழக்குவது எப்படி?

சேலத்தில் ஓர் அரபுக் கல்லூரியில் ஆலிம் (மார்க்க அறிஞர்) வகுப்புக்கு ஓதிக்கொடுப்பவன் நான். இதற்கு மதரஸாவிலேயே பழைய வழி இருக்கிறது. நாளைய பாடத்தை இன்று இரவே தானாக வாசித்துப் பார்ப்பது முதாலஆ. ஓதியதை மாணவர்கள் தங்களுக்குள் சொல்லிப் பார்ப்பது தக்ரார். இதற்கென்று நேரம் ஒதுக்கி மணிகூட அடிக்கிறோம். கிதாபு திறந்திருக்கும், கண் மூடியிருக்கும்.

கெடுத்தது என்னைப் போன்ற ஆட்கள்தான். பல வருஷம் நானே வரி வரியாக வாசித்து, நானே பொருள் சொன்னேன். பையன்கள் வரிக்கு இடையில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வார்கள். மறு வருஷம் கிதாபு அடுத்த செட்டுக்குப் போகும், பென்சில் எழுத்தோடு சேர்த்து.

ஒருநாள் இத்தா பாடம். தலாக்குக்கோ கணவன் இறந்ததற்கோ பிறகு மறுமணம் செய்யாமல் பெண் காத்திருக்கும் காலம்தான் இத்தா. 'குர்உ' என்றால் என்ன என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் "மாதவிடாய்" என்றது. அரபியில் அந்தச் சொல்லுக்கு மாதவிடாய், இரண்டு மாதவிடாய்க்கு இடைப்பட்ட தூய்மைக் காலம் என இரண்டு பொருளும் உண்டு. மார்க்கச் சட்ட மத்ஹபுகளில் (சட்டப் பிரிவுகளில்) ஹனஃபிகள் முதலாவதை எடுத்தார்கள், ஷாஃபிஈகள் இரண்டாவதை. தலாக் ஆன பெண்ணின் இத்தாக் கணக்கே இதில் மாறும். "அகராதி பார்த்தீர்களா?" என்றேன். "கிதாபிலேயே இருக்கே ஹஜ்ரத்" என்றான் ஒருவன். கிதாபில் இருந்தது, போன வருஷம் நான் சொன்ன பாதிப் பொருள்!

அதன் பிறகு, பென்சில் எழுத்தை அழித்துவிட்டுத்தான் கிதாபைக் கைமாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் முதலில் வாசிப்பது மாணவன். ஜபர், ஜேர் என்ற உயிர்க்குறிகள் இல்லாத வரியை அவனே வாசிக்கணும். சொல்லின் கடைசி எழுத்துக்குப் பேஷ் ('உ' ஓசைக் குறி) வைத்தால் ஏன் பேஷ் என்று சொல்லணும். முதாலஆ செய்யாதவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

அகராதி பார்க்கப் பழக்கவே ஒரு மாதம் போனது. எங்களிடம் இருப்பதில் வேரெழுத்தை வைத்துத்தான் தேட வேண்டும். 'முஸ்தஷ்ஃபா'வை மீம் என்ற முதல் எழுத்தில் தேடி அலுத்துப்போன ஒரு பையன், முன்னால் ஒட்டியிருந்ததைக் கழற்றி ஷீன், ஃபா, யா என்று வந்ததும் "அட, நம்ம ஷிஃபா!" என்று கத்திவிட்டான். ஷிஃபா என்றால் நோய் குணமாவது. ஆஸ்பத்திரி என்று நானே சொல்லியிருந்தால் பென்சிலை எடுத்திருப்பான்.

பாடம் பின்தங்காதா என்றால், பின்தங்கும். முதல் மூன்று மாதம் பாதிதான் ஓதினோம், நிர்வாகத்தில் பேச்சும் வாங்கினேன். பையன்கள் இஷ்டத்துக்குப் பொருள் சொல்லிவிடுவார்களே என்ற பயமும் சிலருக்கு. ஆனால் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூஹனீஃபாவோடு அவருடைய மாணவர்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் எத்தனையோ சட்டங்களில் மாறுபட்டதையும் சேர்த்துத்தானே ஓதிக்கொடுக்கிறோம்?

தக்ராருக்கு மட்டும் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு லீவில் ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனோம். முதலாண்டுப் பையன்கள் கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு ஸீகா (வினை வடிவம்) என்று ஸர்ஃபை (சொல் இலக்கணப் பாடத்தை) ஆரம்பித்துவிட்டார்கள். இறந்தகால வினைக்கு 14 ஸீகா. 14ஆவது வளைவில் 'ஃபஅல்னா' வந்தது. மொத்தம் 20 வளைவு. மிச்சமிருந்த ஆறில் நிகழ்காலத்தைத் தொடங்கி 'யஃப்அல்ன' வரை போனார்கள். மீதி எட்டை இறங்கும்போது முடித்தார்கள்.