இன்லைன் ஸ்பின்னரை நாமே செய்தால் காசு மிச்சமாகுமா?

கேள்வி: பாஸ் மீனுக்கு இன்லைன் ஸ்பின்னர்தான் (நேரான கம்பியைச் சுற்றிப் பிளேடு எனும் சின்ன உலோகத் தகடு சுழலும் செயற்கை இரை) அதிகம் போடுகிறேன். தண்ணீருக்குள் கிடக்கும் கிளைகளில் மாட்டி அறுந்துபோவதே வாடிக்கையாகிவிட்டது, கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. எல்லா பாகங்களும் கலந்த பெரிய கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: செய்யுங்கள், ஆனால் அந்தக் கிட் வேண்டாம். கலந்த கிட்டில் 0-லிருந்து 5 வரை எல்லா அளவு பிளேடும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பாஸுக்கு உங்களுக்குத் தேவைப்படுவது 3, 4, எப்போதாவது 5. மற்றதெல்லாம் டிரௌட் மாதிரி மீன்களுக்கான சின்ன அளவு, டப்பாவிலேயே கிடக்கும், அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். ஒரே ஒரு ஸ்பின்னரை முடிவு செய்துகொண்டு அதன் பாகங்களை மட்டும் உதிரியாக, எண்ணிக்கை கூட்டி வாங்குவதுதான் லாபம். 4-ஆம் எண் பிளேடு, அதற்குப் பொருந்தும் கிளெவிஸ் (பிளேடைக் கம்பியோடு இணைக்கும் குட்டி வளையம்), அதற்குக் கீழே கோர்க்க உலோக மணி, 7 முதல் 10 கிராம் வரை எடையுள்ள பித்தளை உடல், சுமார் 0.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள விறைப்பான ஸ்டெயின்லெஸ் கம்பி, மூன்று முள் உள்ள கொக்கி. ஆரம்பிக்க இது போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், முதலில் செய்யும் சிலவற்றில் மிச்சம் எதுவும் இருக்காது. வட்டமூக்குக் குறடும் நல்ல கம்பிவெட்டியும் வாங்கவே செலவாகும். உண்மையான மிச்சம் பழைய ஸ்பின்னர்களில் இருக்கிறது. கம்பி வளைந்து, முள் துருப்பிடித்து மூலையில் போட்டு வைத்திருப்பீர்களே, அதில் பிளேடும் பித்தளை உடலும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கம்பியை வெட்டி அவற்றைக் கழற்றிப் புதுக் கம்பியில் கோர்த்தால் கம்பியும் கொக்கியும்தான் செலவு. வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விறைப்பான கம்பியின் துண்டு தெறித்தால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

எதில் கஞ்சத்தனம் பண்ணலாம், எதில் கூடாது? மணியின் நிறம், கொக்கியில் கட்டும் முடி, இதிலெல்லாம் தாராளமாகக் குறைக்கலாம். கொக்கியில் மட்டும் குறைக்காதீர்கள். முனையை நகத்தின் மேல் மெதுவாக வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போனால் அது மழுங்கல், மீனின் வாயிலும் அப்படித்தான் வழுக்கும். பித்தளைப் பிளேடு என்று சொல்லி விற்றால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். டக்கென்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இருப்பது இரும்பு, மேல்பூச்சு கீறியதும் துரு கிளம்பும். நிக்கல் பூசிய பித்தளையில் லேசான இழுப்பு தெரியலாம், அது பரவாயில்லை.

கேள்வி: நான் செய்த ஸ்பின்னரில் பிளேடு சுற்றவே மாட்டேன் என்கிறது. வேகமாக இழுத்தால்தான் சுற்றுகிறது, மெதுவாக இழுத்தால் கம்பியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பிளேடு மட்டமா?

பதில்: பிளேடைக் குறை சொல்வதற்கு முன்னால் கிளெவிஸைப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். பிளேடைக் கம்பியோடு இணைக்கும் அந்தக் குட்டி வளையத்தின் துளை கம்பியைவிடச் சற்றே பெரிதாக, ஓரங்கள் மழமழவென்று இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தாலோ துளையோரத்தில் பிசிர் இருந்தாலோ பிளேடு தயங்கும். சின்ன கிளெவிஸில் பெரிய பிளேடை மாட்டியிருந்தால் பிளேடுக்கு அசைய இடமே இருக்காது. கிளெவிஸையும் பிளேடையும் கம்பியையும் தனித்தனி இடங்களில் கண்ணளவில் வாங்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் கிளெவிஸுக்குக் கீழே இருக்கும் முதல் மணி. பிளேடு சுற்றும்போது கிளெவிஸ் அதன் மேல்தான் உட்கார்ந்து உராய்கிறது, அதனால் அந்த ஒரு மணி மட்டுமாவது உருண்டையான, வழவழப்பான உலோக மணியாக இருக்கட்டும். மட்டமான பிளாஸ்டிக் மணியில் உராய்வு கூடும், சீக்கிரம் தேய்ந்து பள்ளமும் விழும். பிளேடின் குழிந்த பக்கம் கம்பியைப் பார்த்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் நுனி கொக்கியில் இடிக்கக் கூடாது, உடலின் அடியோடு நின்றுவிட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் பிளேடின் வடிவம் காரணமாக இருக்கலாம். நீளமான வில்லோ லீஃப் பிளேடு கம்பியை ஒட்டிச் சுற்றுவது, அதற்கு வேகம் வேண்டும். உருண்டையான கொலராடோ கம்பியிலிருந்து நன்றாக விலகி அகலமாகச் சுற்றும், மெதுவாக இழுத்தாலே அதிர்வு கையில் தெரியும், கலங்கிய தண்ணீருக்கு அதுதான் என் தேர்வு. மற்றபடி, வீசியதும் சின்னதாகச் சுண்டி இழுத்தால்தான் சுற்றத் தொடங்கும் என்பது கடை ஸ்பின்னரிலும் உள்ளதுதான், அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: தூண்டில் நரம்பு முறுக்கிக்கொண்டே போகிறது. விலை கூடிய ஸ்விவல் (நரம்புக்கும் ஸ்பின்னருக்கும் நடுவில் மாட்டும் சுழல் இணைப்பு) வாங்கினால் தீருமா?

பதில்: ஓரளவுக்குத் தீரும். பால் பேரிங் ஸ்விவல் சாதாரணத்தைவிட நன்றாகவே சுழலும். ஆனால் முதலில் உங்கள் கம்பியின் மேல் வளையம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பிளேடோடு முழு ஸ்பின்னருமே சுழலும், நரம்பு முறுக்காமல் என்ன செய்யும்? உடல் மிகவும் லேசாக இருந்தாலும் இதே தொல்லைதான், பெரிய பிளேடு மொத்தத்தையும் சுழற்றிவிடும். எடையைக் கூட்டிப் பாருங்கள், ஸ்விவலுக்கு அப்புறம் செலவு செய்யலாம்.

கேள்வி: பித்தளை உடலுக்குப் பதிலாக ஈயம் உருக்கி ஊற்றினால் மலிவாக முடியுமே?

பதில்: வேண்டாம். ஈயப் புகையும் தூசியும் உடம்புக்குக் கேடு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. அறுந்து தண்ணீரில் விழும் ஈயத்தை நீர்ப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன. பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளின் விற்பனையை 1987-லேயே தடை செய்தது இதற்காகத்தான். வேறு சில இடங்களிலும் கட்டுப்பாடு உண்டு, நீங்கள் மீன் பிடிக்கும் இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், பித்தளைக்குச் சுமார் 8.5. அதாவது அதே எடைக்குப் பித்தளை உடல் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். ஸ்பின்னருக்கு அது ஒரு குறையே இல்லை, கொஞ்சம் நீளமான உடலாக வாங்கினால் போதும்.